அப்பாவின் கேசட்

ஜூன் 14, ஞாயிறு

அந்தப் பழைய ராக் ஆல்பத்தின் பாடல்களெல்லாம் சேர்ந்து ஒரே கதை. அப்பா அதைப் பதிந்து வைத்திருந்த கேசட்டைக் கேட்டு இணையத்தில் நான் எழுதிய கட்டுரையில் அந்தக் கதை முன்பின்னாக இருந்தது. நண்பன் டேவிட் அம்பத்தூரிலிருந்து அசல் இசைத்தட்டைக் கொண்டுவந்து காட்டினான்.

"இன்னா மச்சான், உன் கட்டுரைல செத்தவன் அப்பாலிக்கா பொறக்குறான்?"

"அப்பா மாத்திப் பதிஞ்சிட்டார்டா," என்றேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

"இருக்கும்ப்பா. நைட் ஷிப்ட் முடிஞ்சு வந்து தூக்கக் கலக்கத்துல பண்ணது," என்றார்.

டேவிட் போனபின் கேசட்டை எடுத்துப் பார்த்தேன். நான் முதலில் கேட்ட பக்கத்தில், அப்பாவின் கையெழுத்தில், 'இரண்டாம் பக்கம்' என்று தெளிவாக எழுதியிருந்தது.

கட்டுரையைத் திருத்திவிட்டேன். தப்பு என்னுடையதுதான் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. உள்ளே இருமுகிறார். விழித்துத்தான் இருக்கிறார்.