மூன்று மாதம் பொறுக்கச் சொன்னவள்

என் தேவகி அண்ணிக்கு,

நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. எல்லாம் போன்தான். இப்போது எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே கை நின்றுவிடுகிறது. நலமா என்று கேட்க முடியாது. நாங்கள் நலம் என்றால் பொய்.

நிரோஷா போய்விட்டாள் அண்ணி. உங்கள் ஒரே மகள். போன மாதம் பிளேன் ஏறினாள். இதை முதலில் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு ரத்தொட்டைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு நீங்கள் வந்தபோது எனக்குப் பதினைந்து வயது. என்னை டவுன் ஸ்கூலில் ஏ.எல். படிக்க வைத்தே ஆகவேண்டும் என்று அண்ணனோடு மூன்று நாள் பேசாமல் இருந்தீர்கள். அந்தப் படிப்பால்தான் மாத்தளை டவுனில் எனக்கு ஒரு மேசை கிடைத்தது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சி. தமிழும் சிங்களமும் எழுதத் தெரிந்த பெண் வேண்டுமாம். அந்த மேசைக்கு முன்னால் நீங்களே ஒருநாள் வந்து உட்காருவீர்கள் என்று யார் நினைத்தது?

அண்ணன் பூச்சிமருந்து அடிக்கிற டாங்கியை முதுகில் கட்டிக்கொண்டு மலைச் சரிவில் விழுந்து, இடுப்பு போய், ஆறு மாதமாகப் படுக்கையில் இருந்த நேரம் அது. ஒரு திங்கட்கிழமை கொழுந்து பறிக்கப் போகாமல், கல்யாணத்துக்குக் கட்டுகிற சாரியைக் கட்டிக்கொண்டு வந்தீர்கள்.

“கலா, எனக்கும் ஒரு ஃபோம் நெரப்பு.”

“வேணாம் அண்ணி.”

“எத்தன பேர நீ அனுப்புற. அவங்க எல்லாம் யாரு வீட்டு அண்ணியோ. எனக்கு மட்டும் என்ன?”

ஃபோமை எடுத்தேன். நிரப்பினேன். மெடிக்கலுக்கு நானே கூட்டிப் போனேன். விசா வந்தபோது அதில் உங்கள் ஸ்பொன்சர் என்று ஒரு மனிதரின் பெயர் இருந்தது. அவருடைய வயதான தாயைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அந்த மனிதர் கையெழுத்துப் போட்டாலொழிய நீங்கள் வேறு வீட்டுக்கும் போக முடியாது, ஊருக்கும் திரும்ப முடியாது. இதை உங்களுக்கு விளக்கினேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோலச் சிரித்துக்கொண்டே விளக்கினேன். நீங்களும் தலையாட்டினீர்கள்.

இரண்டாவது மாதம் குளியலறைக்குள் இருந்து குரல் பதிந்து அனுப்பினீர்கள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவில் உங்கள் குரல். “கலா, இது அந்த வீடு இல்ல. அந்தக் கெழவியம்மாவ நா கண்ணாலயும் பாக்கல. அந்த ஸ்பொன்சரோட மக வீட்டுல விட்டிருக்காங்க. மூணு மாடி, ஏழு புள்ளைங்க. நா ஒருத்திதான்.”

அதற்கு நான் என்ன பதில் அனுப்பினேன் என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கும் தெரியட்டும். “மூணு மாசம் பொறுத்துக்கோங்க அண்ணி, பழகிரும்.”

அது என் வாயில் ஊறிப்போன வாக்கியம். அழுதுகொண்டு போன் எடுக்கிற எல்லோருக்கும் நான்தான் அதைச் சொல்வேன். அதற்காகத்தான் என்னை வைத்திருந்தார்கள். போன பெண் மூன்று மாதத்துக்குள் திரும்பி வந்தால், ஏஜென்சி தன் செலவில் வேறொருத்தியை அனுப்ப வேண்டும். மூன்று மாதம் தாண்டிவிட்டால் பொறுப்பு விட்டது. இது எனக்கு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே தெரியும். தெரிந்துகொண்டுதான் எல்லோருக்கும் சொன்னேன். உங்களுக்குச் சொன்னபோது ‘அண்ணி’ என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

பிறகு வயிற்று வலி. வலது பக்கம் குத்துகிறது, நிமிர முடியவில்லை என்றீர்கள். வீட்டு மேடம் இரண்டு பனடோல் மாத்திரை கொடுத்தாராம். நான் ஏஜென்சி முதலாளி சேரின் அறைக்குப் போனேன்.

“சேர், அவங்க என் சொந்த அண்ணி.”

அவர் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். என் முன்னாலேயே அங்கே இருக்கும் ஏஜென்ட்டைக் கூப்பிட்டுப் பேசினார். போனை வைத்துவிட்டு, “சொல்லிட்டேன் கலா, ஹொஸ்பிட்டல் காட்டுவாங்க. இன்னும் பதினொரு நாள்தானே, அதுக்குள்ள ஒண்ணும் பேசிக் கெடுத்துறாத” என்றார்.

என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அந்த நாட்டிலிருக்கும் நம் எம்பசியின் நம்பர் இருந்தது. நானே டைப் செய்து வைத்தது. அன்று மத்தியானம் முழுக்க அந்த நம்பரைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கூப்பிட்டால் சேருக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என் வேலை போய்விடும். சோறு சாப்பிட்டேன் அண்ணி. பார்சலைப் பிரித்து, முழுசாகச் சாப்பிட்டேன். பிறகு உங்களுக்கு மறுபடியும் பொறுங்கள் என்று அனுப்பினேன்.

நான்கு நாள் கழித்து அங்கிருந்து கூப்பிட்டார்கள். அண்ணனைக் கூப்பிடவில்லை, ஒஃபிஸைக் கூப்பிட்டார்கள். எடுத்தது நான்தான்.

பெட்டி வர ஏழு வாரமானது. இயற்கை மரணம் என்று தாளில் இருந்தது. கட்டுநாயக்க ஏர்போட்டில் அண்ணன் ஊன்றுகோலோடு நின்று கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து அவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ஒன்றையே சொல்கிறார்: “என் தங்கச்சி அந்த ஒஃபிஸ்ல இருக்கப்போயித்தான் பொட்டியாச்சும் வந்துச்சு.” நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு தடவையாவது வாயைத் திறந்தேனா?

அதற்குப் பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் அதே மேசையில் இருந்தேன். போன் எடுத்தேன். அந்த வாக்கியத்தை மட்டும் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் போனைக் கொடுத்துவிடுவேன். அவள் சொல்வாள். அது எந்த விதத்தில் நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள்.

பிறகுதான் நிரோஷா வந்தாள். ஏ.எல். முடித்து, டவுனில் ஒரு துணிக்கடையில் ஒன்றரை வருடம் நின்று, அதுவும் மூடிப்போய், கையில் புது பாஸ்போர்ட்டோடு வந்தாள். நம்பர் எடுத்து வரிசையில் இருந்து வந்தாள். என்னிடம் நேராக வரவில்லை.

“அத்தை, தையல் பெக்டரி வேலைக்கு ஸ்பொன்சர் லெட்டர் எடுக்குறாங்களாமே. எனக்கும் போடுங்க.”

“உனக்குப் பைத்தியமா? ஒங்கம்மாவுக்கு என்ன நடந்துச்சுன்னு தெரியாதா?”

“தெரியும்.”

“ஒனக்குத் தெரியாது நிரோ.” இத்தனை பேர் முன்னால் சொல்லிவிடலாம், சொன்னால் இவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். “நாந்தான் பொறுத்துக்கச் சொன்னேன். வலிக்குதுன்னு சொன்ன பெறகும் சொன்னேன்.”

அவள் முகம் மாறவில்லை. “அதுவும் தெரியும் அத்தை. அம்மா எனக்கும் அனுப்புனாங்க. ஊருக்கு வந்துருங்கம்மான்னு நா அழுதேன். அதுக்கு, ‘கலா பொறுக்கச் சொல்லுது, அது படிச்ச புள்ள, தெரியாமலா சொல்லும்’னாங்க. அதான் கடைசியா வந்தது. அப்பாவுக்கு நா இத சொல்லல.”

அண்ணி, என்னைத் திட்டி நாலு வார்த்தை அனுப்பியிருக்கக் கூடாதா?

நான் ஃபோமைத் தரமாட்டேன் என்றேன். அவள் எழுந்து போனாள். கண்டியில் வேறு ஏஜென்சி. நான் நிரப்பாததால் எதுவும் நிற்கவில்லை. கட்டுநாயக்கவுக்கு நானும் போனேன். “ஸ்பொன்சர் லெட்டர்ல இருக்குற பெக்டரி பேரும், நீ எறங்குற எடத்துல போர்டுல இருக்குற பேரும் ஒண்ணான்னு பாரு” என்றேன். சரி அத்தை என்றாள். உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது தினமும் காலையில் ‘நல்லா இருக்கேன்’ என்று வருகிறது. முதல் மாதம் எல்லோரும் அப்படித்தான் அனுப்புவார்கள். எத்தனை பேருடையதைப் படித்தவள் நான்.

ஃபோம் கேட்டு அவள் வந்துபோன மறுநாளே ஏஜென்சி வேலையை விட்டேன். பலாபத்வலையில் வெள்ளைக்காரர்களுக்கு மசாலா விற்கிற ஒரு கடையில் பில் போடுகிறேன். விட்ட கையோடு உங்கள் விஷயத்தை முறைப்பாடாக எழுதிக்கொண்டு வெளிநாட்டு வேலைகளைப் பார்க்கிற அரசாங்க அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்த அம்மா பொறுமையாகக் கேட்டார். ஃபைலைத் தேடி எடுத்து, ஒரு தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். ஒப்பந்தத்தைத் தாய்மொழியில் விளக்கி, சம்மதம் பெற்றேன் என்று அதில் இருந்தது. கீழே ஒரே ஒரு கையெழுத்து.

“மே ஒயாகே நேத?” என்று சிங்களத்தில் கேட்டார். இது உங்களுடையதுதானே?

ஆமாம் என்றேன். ஏஜென்சியின் பெயரோ சேரின் பெயரோ அந்தத் தாளில் எங்கும் இல்லை. முறைப்பாட்டை எடுத்துக்கொண்டார்கள். அது எங்கே போகும் என்று எனக்கும் தெரியும், அந்த அம்மாவுக்கும் தெரியும்.

என்னை மன்னியுங்கள் என்று எழுதப் போவதில்லை. நீங்கள் மன்னித்துவிடுவீர்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்கிறேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்குக் கொடுக்கப்போகிறேன். அண்ணனுக்கு இன்னும் எதுவும் தெரியாது. யாரோ கடையில் படித்துவிட்டு வந்து அவரிடம் சொல்லும்படி விடமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போவேன். அவரை உட்கார வைத்து, முதல் வரியிலிருந்து நானே வாசித்துக் காட்டுவேன். வெளியே போ என்றால் போவேன். வாசித்து முடிக்கும்வரை மட்டும் எழுந்து போகமாட்டேன். இது உங்களுக்கு என் வாக்கு.

நீங்கள் படிக்க வைத்த நாத்தனார்,
கலா