அம்மா குடித்த டம்ளர்

அன்புள்ள மகளுக்கு,

சொல்ல வேண்டியவை மூன்று:
1. அம்மாவின் காய்ச்சல் எனக்கு ஏன் தொற்றவில்லை.
2. உன் ரத்தம் எதற்குத் தேவை.
3. அதற்காக நீ இங்கே வர வேண்டியதில்லை.

முதலாவது. "உங்களுக்கு மட்டும் எப்படிப்பா ஒண்ணும் ஆகல? அம்மா பக்கத்துலயே போகலையா?" என்று அம்மாவின் காரியத்தன்று கேட்டுவிட்டுப் போன நீ, பிறகு வரவில்லை. அம்மா குடித்த டம்ளரிலேயே நானும் குடித்தேன். "ஒரு காய்ச்சலைக்கூட என்கிட்டருந்து வாங்கிக்கத் துப்பில்லையே உங்களுக்கு" என்று அம்மா சிரித்தாள். உன் கேள்விக்குப் பதில் தெரியாமல்தான் ஆய்வுக்கூடத்துக்கு ரத்தம் கொடுக்கப் போனேன். நான் சரியாகப் புரிந்துகொண்டிருந்தால், அந்த வைரஸ் நுழையும் கதவு என் செல்களில் பிறவியிலேயே இல்லையாம்.

இரண்டாவது. கதவில்லாத அந்தத் தன்மை பிள்ளைகளுக்கும் வருமா என்று பார்க்க உன் ரத்தம் வேண்டும். என்னுடையது இதுவரை எடுத்ததே போதுமாம். "உங்க ரத்தத்துக்கு இங்க ரசிகர் மன்றமே இருக்கு தாத்தா" என்று மாதாமாதம் கேலி செய்யும் நர்ஸ், போன வாரம், "இனிமே நீங்க அலைய வேணாம்" என்றாள். என்னோடு பேசிக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

மூன்றாவது. உன் ஊரிலேயே ரத்தம் எடுத்துக் குளிர்பெட்டியில் அனுப்பலாம். கூரியர் செலவு அவர்களுடையது.

எழுதியதை ஒருமுறை சரிபார்த்தேன். மூன்றாவது தவறு.

அப்பா