போத்தனூர் ஜங்ஷனில் மிஸ்பா

கோட்டைமேடு, கோயம்புத்தூர்
12.11.1995

அன்புள்ள ஜாஹிதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே அம்மா, நான், மிஸ்பா மூவரும் நலம். எடின்பரோவில் குளிர் தொடங்கிவிட்டது என்று எழுதியிருந்தாய். கம்பளிச் சட்டை இன்னொன்று வாங்கிக்கொள். சிக்கனம் பார்க்காதே.

உங்கள் இயந்திர வண்டியைப் பற்றிப் படித்தேன். ஆய்வுக்கூடத்துக்குள் எதிலும் இடிக்காமல் சுற்றிவருகிற வண்டி, வெளியே தாழ்வாரத்தில் யாரோ விரித்து வைத்திருந்த குடையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டதாமே. எனக்கே பாவமாக இருந்தது. பழக்கமில்லாத இடத்தில் குழந்தைகள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டுதான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், கம்ப்யூட்டர் படித்தவர்கள் நடுவில் மனோதத்துவம் படித்த உன்னை வைத்திருப்பதே அதற்காகத்தான் என்று எழுதியிருந்தாய். மிஸ்பாவைக் கவனித்து எழுதவும் சொன்னாய். எழுதும்படி ஒன்று நடந்தது. பதறாமல் படி. அவள் இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருக்கிறாள்.

போன ஞாயிறு, பாலக்காட்டிலிருந்து வந்த ஷைமா அக்காவை அழைத்துவர போத்தனூர் ஜங்ஷனுக்குப் போயிருந்தோம். அக்காவின் பெட்டியை வாங்குவதற்காக மிஸ்பாவின் கையை விட்டேன். திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடினேன். தண்டவாளத்தின் பக்கம் பார்க்கவே பயமாக இருந்தது. அக்கா அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டது.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில், முன்பின் தெரியாத ஒரு அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தாள் உன் மகள். ஆனைமலையில் டீச்சராம், பாவாத்தாள் என்று பெயர். "ஏனுங்க, பயந்துபோடாதீங்க. பாப்பா அழவே இல்லீங்க. இத்தன பேரு இருக்கறாங்க, யாருகிட்டயும் போகாம நேரா வந்து எம்மடியில ஏறிக்கிச்சுங்க" என்றார். கையெடுத்துக் கும்பிட்டேன்.

வீட்டுக்கு வந்து, ஏன் கண்ணு அவங்ககிட்டப் போனே என்று கேட்டேன். "அவங்க கண்ணாடி போட்டிருந்தாங்க அத்தா. அம்மா மாதிரி" என்றாள். அம்மான்னு நெனச்சுட்டியா என்றேன். "இல்ல. அம்மா இல்லன்னு தெரியும். அம்மா மாதிரி இருந்தாப் போதும், நீங்க வர்ற வரைக்கும்" என்றாள்.

இதை உன் பேராசிரியரிடம் சொல். தெரியாத இடத்தில் அவள் திகைத்து நின்றுவிடவில்லை. தெரிந்ததோடு கொஞ்சம் ஒத்துப்போகிற ஒன்றைத் தேடிப் பிடித்தாள். இது அதுவல்ல என்பதையும் மறக்கவில்லை. உங்கள் வண்டிக்கு இது உதவுமா என்று நீதான் சொல்ல வேண்டும்.

இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள், என்ன செய்யட்டும் என்று கேட்டிருந்தாய். உடனே கிளம்பி வரச் சொல்லி எழுது என்கிறார் அம்மா. நான் அப்படி எழுத மாட்டேன். இந்த வேலைக்காக நீ எவ்வளவு பாடுபட்டாய் என்பது கூடவே இருந்த எனக்குத் தெரியும். இருந்து முடி. கடையையும் வீட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். அன்று சாயங்காலம் உன்னை வரையச் சொல்லி அவளிடம் சிலேட்டைக் கொடுத்தேன். இரண்டு வட்டம் போட்டு நடுவில் ஒரு கோடு இழுத்தாள். உன் கண்ணாடி, அவ்வளவுதான். அம்மா முகம் எங்கே கண்ணு என்று கேட்டதற்கு, கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு சிலேட்டை என்னிடமே கொடுத்துவிட்டாள்.

அல்லாஹ் உன் அறிவையும் உடம்பையும் நல்லபடியாக வைத்திருக்கட்டும். நோன்புப் பெருநாளைக்கு எப்படியாவது லீவு கேள். பத்து நாள் போதும். வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்திரு, ஜாஹிதா. அவள் உன்னை ஆசைதீரப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன் உன்
பீர் முகம்மது