செல்வி பாதியில் நின்ற நாள்

12 ஜூன் 1994, ஞாயிறு

இன்று கோச்சிடம் கத்திவிட்டேன். கத்தியும் பயனில்லை.

நானூறு மீட்டர் நீந்திக்கொண்டிருந்த என் மகள் செல்வி, பாதியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் நெஞ்சு இழுக்கும் சத்தம் கரையில் நின்ற எனக்கே கேட்டது.

"ஸ்டாமினா இல்ல சார். இன்னும் ரெண்டு ரவுண்டு போட்டா சரியாயிடும்" என்றார் கோச்.

கம்பெனி நீச்சல் குளத்துக்கு மேலே தகரக் கூரை, ஜன்னல்களெல்லாம் அடைப்பு. குளோரின் நெடியில் எனக்கே கண் எரிந்தது. ஓசூர் டாக்டர் போன வாரமே ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தார். அவள் பையில் தேடினேன், இல்லை.

"எங்க கண்ணு வச்ச?"

"வீட்லயே விட்டுட்டேன்ப்பா. அதப் பாத்தா கோச் டீம்ல இருந்து எடுத்துடுவாரு."

அப்போதுதான் கத்தினேன். ஜன்னலைத் திறக்கும்வரை பெண்ணை அனுப்ப மாட்டேன் என்றேன். "அப்ப வேற புள்ளயப் போட்டுக்கறேன்" என்று அங்கேயே டீம் லிஸ்டில் அவள் பெயரை அடித்துவிட்டார்.

ஆட்டோவில் டாக்டரிடம் ஓடினோம். மூச்சு சீரானதும் செல்வி சொன்ன முதல் வார்த்தை, "நீங்க கத்தாம இருந்திருந்தா நான் நீந்தி முடிச்சிருப்பேன்."

முடித்திருக்க மாட்டாள். வீட்டுக்குக் கூட்டி வந்தேன். அழுதுகொண்டே தூங்கிவிட்டாள். நாளை ஷிப்ட் முடிந்ததும் மேனேஜரைப் பார்க்க வேண்டும். ஒரு ஜன்னலைத் திறக்க எத்தனை பேரிடம்தான் போய் நிற்பது?