ரப்பர் சீர்

வடக்கனந்தல்
9.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

மணிமொழி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். நீ நலமா என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஆனாலும் மலையில் குளிர் ஜாஸ்தியாம், ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

போன் அடித்தால் நீ எடுப்பதில்லை. அதனால் உங்கள் மலை பஸ் கண்டக்டர் இருசப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய அன்று பிறந்த வீட்டுச் சீர் என்று நீ கொண்டுவந்து வைத்தது என்ன? அண்டா வரும், குத்துவிளக்கு வரும் என்று சனம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நீ மஞ்சள் குங்குமம் வைத்து நீட்டினாய், குட்டிக் கேக் சுடுகிற மூன்று சிலிக்கான் மஃபின் தட்டு! அத்தை ஒன்றை எடுத்து மடக்கினார், மடங்கியது. விட்டார், படக்கென்று விரிந்தது. "இன்னாம்மா இது, உங்க அண்ணன் சைக்கிள் டியூபை அறுத்துத் தட்டு பண்ணிக்கினு வந்துருக்காரா?" என்று கேட்டார். பந்தலே சிரித்தது. நீ இலை முன்னால் உட்கார்ந்தவன் எழுந்து பஸ் ஏறிவிட்டாய்.

அவர்கள் சிரித்தது தப்புதான். அதற்காகத் தங்கை வீட்டில் கை நனைக்காமலா போவது? வருகிறவர்களுக்கெல்லாம் அத்தை அந்தத் தட்டை மடக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார். என்னால் பார்க்க முடியவில்லை. மூன்றையும் இத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படிக்கு,
மணிமொழி

*

வெள்ளிமலை
16.2.2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதம் கிடைத்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். போனை எடுக்காததற்குக் காரணம் உண்டு. எங்கள் பேக்கரிக் கடைக்குள் சிக்னல் கிடையாது. கடைத்தெருவுக்கு நடுவில் நின்று கத்தினால்தான் அந்தப் பக்கம் கேட்கும். தங்கச்சியோடு போடும் சண்டையை அருவி பார்க்க வந்தவனுக்கெல்லாம் ஒலிபரப்ப எனக்கு இஷ்டமில்லை.

முதலில் ஒன்று தெரிந்துகொள். அது ரப்பர் இல்லை. ரப்பரை ஓவனில் வைத்தால் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடும். சிலிக்கான் ஓவன் சூட்டுக்கு அசையாது. நெருப்பில் மட்டும் நேராக வைக்கக் கூடாது. வெண்ணெய் தடவ வேண்டாம், காகிதம் போட வேண்டாம். ஆறியதும் அடியில் விரலால் ஒரு அமுக்கு, கேக் தானாக வெளியே வரும். துருப் பிடிக்காது, நசுங்காது, சுருட்டிப் பைக்குள் வைக்கலாம். போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்த ஓவனில் நீ தகரக் கிண்ணத்தை வைத்துக் கேக் சுட்டாயே, கடைசியில் அதைக் கரண்டியால் சுரண்டித்தானே தின்றீர்கள்? "அண்ணா, ஒட்டாத தட்டு எதுனா இருந்தா சொல்லு" என்று கேட்டது யார்? உன் மாமியாரா?

சீர் வைத்ததைத் திரும்ப வாங்குகிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. மூன்றும் அதே பஸ்ஸில் வருகின்றன. இருசப்பன் "இது மேல ஏறுது, கீழ எறங்குது, இதுக்கு டிக்கெட்டு யாரு போடறது?" என்று கேட்கிறார்.

சிரித்த பந்தியில் என்னால் உட்கார முடியாது.

உன் அண்ணன்,
பகலவன்

*

வடக்கனந்தல்
9.3.2025

அன்புள்ள அண்ணா,

உன் தட்டில் சுட்டுப் பார்த்துவிட்டேன். ஆசையில் இல்லை, உன் வாயை அடைக்கத்தான்.

முதல் நாள் ஆறு குழியிலும் மாவை நிறைத்து, இரண்டு ஓரத்தையும் பிடித்துத் தூக்கினேன். நடுவில் மடங்கிக்கொண்டது பார். புது டைல்ஸ் மேல் பாதி, அத்தையின் கால் மேல் மீதி. அவர் காலையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். துடைக்கிற துணியை என் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

இரண்டாம் முறை பதமாகத்தான் வந்தது. வாழைப்பழக் கேக். ஆனால் நீ திருப்பி அனுப்பிய தட்டுகளைப் பரணில் கருவாட்டு டப்பாவுக்குள் போட்டு வைத்திருந்தேன், கோபத்தில்தான். இரண்டு தடவை கழுவியும் அந்த வாசனை போகவில்லை. உன் மாப்பிள்ளை ஒன்றை முழுசாகத் தின்றுவிட்டு, "நல்லாத்தான் கீது, குழம்பு எங்க?" என்று கேட்டார். இதற்கு என்ன வைத்தியம்? கேக்கின் மேல்புறம் சிவக்கிறது, அடியும் பக்கமும் ஏன் வெளுத்தே கிடக்கின்றன?

இன்னொரு சேதி. நம் பாப்பா பாரதிக்கு வைகாசியில் அய்யனார் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக முடிவாகியிருக்கிறது. தாய்மாமன் மடி வேண்டுமே என்று பேச்சு வந்தது. யாரும் உன் பெயரைச் சொல்லவில்லை. திருநாவலூர் சித்தப்பா மகன் ராஜாங்கத்தைக் கேட்கலாம் என்கிறார்கள். அவனும் எனக்கு அண்ணன் முறைதானே. சும்மா சொல்லி வைத்தேன்.

மணிமொழி

*

வெள்ளிமலை
18.3.2025

அன்புள்ள மணிக்கு,

சிலிக்கான் தட்டைத் தனியாகத் தூக்குகிறவர்கள் உண்டா? அடியில் ஒரு தகரத் தட்டு வை, அதன்மேல் இதை வை, பிறகு மாவு ஊற்று. தூக்குவதும் இறக்குவதும் தகரத்தைப் பிடித்துத்தான். வாசனைக்கு, சோடா உப்பைக் குழைத்துத் தடவி ஒரு ராத்திரி வை. கழுவியபின் காலித் தட்டை ஓவனில் அரை மணி நேரம் சூடு காட்டு. கருவாட்டு டப்பாவில் போட்டது உன் புத்தி, அதற்குச் சோடா உப்பு போதாது.

வெளுப்பைப் பற்றி நீ கேட்டது நியாயம். உன்னிடம் மறைப்பானேன், இரும்பு வாங்குகிற மாதிரி இது சூட்டைச் சட்டென்று வாங்கிக்கொள்ளாது. ஐந்து நிமிஷம் கூட வைக்க வேண்டும், அப்படியும் பக்கம் சிவக்காது, மொறுமொறுப்பும் வராது. இங்கே பச்சையம்மாள் என்று ஒரு அம்மா தேன் கொண்டுவந்து போடுவார். என் கேக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னா தம்பி, காய்ச்சல்ல கெடந்து எழுந்த மாதிரி கீது" என்றார். நான் மாவில் கொஞ்சம் வெல்லம் சேர்த்துச் சமாளிக்கிறேன். வெளியே சொல்லாதே.

ராஜாங்கம் மடியா? தாராளமாகச் செய்யுங்கள். அவன் சும்மா உட்கார்ந்தாலே தொடையை ஆட்டிக்கொண்டிருப்பான். ஆசாரி ஊசியை எடுக்கும்போது குழந்தையின் காது எங்கே இருக்கும் என்று அவனுக்கே தெரியாது. எனக்கென்ன வந்தது?

தாய்மாமனைக் காது குத்துக்கு அழைப்பதென்றால் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீட்டுக்கு வந்து அழைப்பார்கள். என் கடைக்கு யாரும் வரவில்லை. கேக் விஷயத்துக்கு நடுவில் "சும்மா சொல்லி வைத்தேன்" என்று எழுதுவது அழைப்பாகாது.

பகலவன்

*

வடக்கனந்தல்
20.4.2025

அன்புள்ள அண்ணா,

இதை உனக்கு எழுதவே கூடாது என்றிருந்தேன். உனக்குத் தலை கனத்துவிடும்.

சோடா உப்பில் வாசனை போய்விட்டது. தகரத் தட்டு வைத்துச் சுட்டதில் கேக்கும் நன்றாக வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்த அத்தை, ஒருநாள் இட்லித் துணி கிழிந்த ஆத்திரத்தில் உன் தட்டில் மாவை ஊற்றிக் குண்டானில் வேகவைத்தார். அமுக்கினால் இட்லி பொத்தென்று விழுகிறது! அன்றிலிருந்து மூன்று தட்டும் அவர் வசம். கேழ்வரகுக் கொழுக்கட்டை, சாமைக் களி, எல்லாம் ஆறு குழியில் பூப்பூவாக வருகிறது. கேக் சுட நான்தான் அவரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

எதிர்வீட்டு ராஜாம்பாள் ஒருநாள் இரவல் கேட்டாள். அத்தை என்ன சொன்னார் தெரியுமா? "அது எங்க சம்பந்தி வூட்டு சீரு. வெளிய குடுக்கற வழக்கம் இல்ல." நான் அடுப்படியில் நின்று கேட்டேன். சத்தியம்.

ஆனால் அழைக்கிற விஷயத்தில் உன் மாப்பிள்ளை பிடிவாதமாக இருக்கிறார். சாப்பிடாமல் போனவர்தான் முதலில் வர வேண்டுமாம். நீ, வெற்றிலைத் தட்டு வந்தால்தான் ஆச்சு என்கிறாய். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கேக் சுட்டுக்கொண்டிருக்கிறேன்.

மணிமொழி

*

வெள்ளிமலை
27.4.2025

அன்புள்ள மணிக்கு,

உன் மாமியார் சொன்னதை அவர் கையெழுத்தோடு வாங்கி அனுப்ப முடியுமா? கடையில் மாட்டி வைக்கிறேன்.

மற்றபடி நான் சொன்னது சொன்னதுதான்.

பகலவன்

*

வடக்கனந்தல்
11.5.2025

அண்ணா,

நேற்று ராஜாங்கம் வந்திருந்தான். உட்கார்ந்து பார்க்கட்டும் என்று பாரதியை அவன் மடியில் வைத்தேன். அழுவாள், எல்லோருக்கும் புத்தி வரும் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. அவன் தொடையை ஆட்ட ஆட்ட, ஊஞ்சல் என்று நினைத்துக் கைகொட்டிச் சிரித்தாள்.

எனக்குத்தான் தாங்கவில்லை. குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அவளுக்கு எந்த மடியானாலும் மடிதான். எனக்கு அப்படி இல்லை. அம்மாவும் அப்பாவும் போனபின் எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது நீ ஒருத்தன்தான். நீ வராமல் என் பெண்ணுக்குக் காது குத்த மாட்டேன். கம்மல் இல்லாமலே வளரட்டும். உன் மாப்பிள்ளையிடமும் இதையே சொல்லிவிட்டேன். முறைத்துக்கொண்டு வெளியே போனார். இன்று காலை, "சரி, போயி அழைச்சிக்கினு வரலாம்" என்றார்.

வரும் வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸில் நானும் அவரும் அத்தையும் வெற்றிலைத் தட்டோடு வருகிறோம். அத்தைக்கு மலை வளைவில் வாந்தி வரும், இருந்தாலும் வருகிறேன் என்கிறார்.

மணி

*

வெள்ளிமலை
13.5.2025

என் அருமைத் தங்கச்சிக்கு,

வராதே. அத்தையை அந்த வளைவுகளில் ஏற்றாதே. தட்டும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வியாழக்கிழமை கடையைப் பூட்டிக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் நானே வருகிறேன். நீ "வருகிறோம்" என்று எழுதியதே எனக்குப் போதும்.

ஒன்று சொல்கிறேன், நேரில் என் வாயில் வராது. அன்றைக்கு அண்டா வாங்கப் பணம் இருந்தது. அண்டா யார் வேண்டுமானாலும் வைப்பார்கள், நீ வாய்விட்டு என்னிடம் கேட்ட பொருள் இது ஒன்றுதான் என்று தேடித் தேடி வாங்கினேன். அதனால்தான் அந்தச் சிரிப்பு அப்படி வலித்தது.

காது குத்தும்போது பாரதி என் மடியில் அழுவாள், அழட்டும். நானும் அழுவேன் போலத் தெரிகிறது. அந்த நேரத்தில் யாரும் என்னைப் பார்க்க வேண்டாம், எல்லோரும் குழந்தையையே பாருங்கள் என்று அத்தையிடம் இப்போதே சொல்லி வை.

உன் அண்ணன்,
பகலவன்