விருந்தாளிக்குத் துடைத்த ஜன்னல்

மார்ச் 4

காலையிலிருந்து மாடிப்படி ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சுகிறது. நாளை கூட்டுக்குழு ஆட்கள் வருகிறார்கள். சுகாதார நிலையம், வீட்டுவசதி அலுவலகம், பள்ளிக்கூடம், எங்களைப் போன்ற குடியிருப்போர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்காக நடத்தும் குழு. பழைய கட்டிடங்களில் ஜன்னலைத் திறந்து மூடும்போது அந்தக் காலத்துப் பெயின்ட் உராய்ந்து பொடியாகிறதாம். அதில் ஈயம் இருந்தால், சின்னப் பிள்ளைகளின் கையில் ஒட்டி வாய்க்குள் போய்விடுமாம். அதனால் வீடு வீடாக ஜன்னல் கட்டையிலும் தரையிலும் தூசி எடுத்துச் சோதிப்பார்கள். ஈயம் இருந்தால் ஜன்னல்களை அவர்களே மாற்றித் தருவார்கள்.

குழுவின் நர்ஸ் போனில் சொன்னார்: "நீங்க எதுவும் பண்ண வேண்டாம்மா. வீடு எப்பவும் போலவே இருக்கட்டும்."

வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். சிரமப்பட வேண்டாம் என்றார்களே என்று விருந்தாளி முன்னால் அழுக்குப் பாயை விரித்த வீடு எங்கேயாவது உண்டா? நான் சங்கச் செயலாளர். என் கட்டிடத்தைப் பார்த்து ஒருத்தர் மூக்கைச் சுளித்துவிட்டுப் போக விடுவேனா? கதவு கதவாகத் தட்டி, "நாளைக்கு ஆளுங்க வர்றாங்க. ஜன்னல், மூலை முடுக்கு எல்லாம் ஈரத்துணி போட்டு நல்லா தொடைச்சிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கீழ்வீட்டுத் தையல்காரிக்கு மட்டும் நேரமில்லை. பள்ளிச் சீருடை மலையாகக் குவிந்து கிடந்தது. "நாளைக்கே குடுத்தாகணும்க்கா. நான் எங்க தொடைக்கிறது" என்று மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல் சொன்னாள். நானே வாளியோடு போனேன். அவள் மகள் ஜன்னல் கட்டையில் வாயை வைத்துக்கொண்டு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு உருண்டை என்று பெயர் வைத்தது நான்தான், பிறந்தபோது அப்படி இருந்தாள். இன்னும் மூன்று வயது ஆகவில்லை. அவளைத் தூக்கி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, சோப்புப் போட்டு அழுத்தித் துடைத்தேன். துணி கருத்துப்போய் வந்தது. எத்தனை நாள் அழுக்கோ!

மார்ச் 5

வந்தார்கள், பார்த்தார்கள், தூசி எடுத்தார்கள் (கிடைத்தால்தானே!), போனார்கள். "இவ்வளவு சுத்தமான கட்டிடத்தை நாங்க பாத்ததில்ல" என்றார் வீட்டுவசதி அலுவலகப் பொறியாளர்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. என் வீட்டுக்காரர் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "பாத்து, சீலிங்ல இடிச்சிக்கப் போறே."

மார்ச் 21

முடிவு வந்துவிட்டது. எங்கள் கட்டிடத்தில் எந்த வீட்டிலும் ஈயம் இல்லை. ஜன்னல் மாற்றும் வேலை அடுத்த தெருவுக்குப் போகிறது. அந்தத் தெருக்காரர்கள் கொஞ்சம் சுத்தமாக இருந்திருக்கலாம்.

ஏப்ரல் 9

உருண்டைக்கு அடிக்கடி வயிற்றுவலி. சோற்றைக் கண்டாலே ஓடுகிறாளாம். புதிதாகப் பேச ஆரம்பித்த பேச்சும் குறைந்துபோயிருக்கிறது. "தூக்கிப் பாருங்கக்கா, எவ்ளோ லேசா இருக்கான்னு" என்றாள் தையல்காரி. தூக்கினேன். பெயருக்கும் பிள்ளைக்கும் சம்பந்தமே இல்லை. சுகாதார நிலையத்துக்கு உடனே போகச் சொன்னேன்.

ஏப்ரல் 17

இரத்தத்தில் ஈயம். நிறைய இருக்கிறதாம்.

தையல்காரி மேலே ஓடிவந்து சொல்லிவிட்டு அழுதாள். எனக்கு அந்தக் கருத்த துணிதான் ஞாபகம் வந்தது. இல்லை, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அவர்களே சோதித்துப் பார்த்துத்தானே இல்லை என்றார்கள்.

ஏப்ரல் 25

நேற்றே எழுதியிருக்க வேண்டும். பேனா எடுக்கவில்லை.

நேற்று கூட்டுக்குழுக் கூட்டம். தையல்காரியையும் கூப்பிட்டிருந்தார்கள். பாவி, என் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து வந்து உட்கார்ந்தாள், தைரியத்துக்கு. சுகாதார நிலைய டாக்டர் கேட்டார்: "வீட்டுத் தூசியில ஈயம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு. அப்போ வேற எங்கேருந்தோதான் வருது. மலிவு பொம்மை ஏதாவது? நீங்க தைக்கிற பட்டன், ஜிப்பு எல்லாம் கொழந்தை வாயில வெக்குதா? வேலை மும்முரத்துல நீங்க கவனிக்கிறதில்லையா?"

"கவனிக்கிறேன் சார்... இனிமே இன்னும் நல்லா பாத்துக்கறேன்" என்று அவள் குற்றவாளி மாதிரி எழுந்து நின்று சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அக்காவ வேணா கேளுங்க, நான் புள்ளைய எப்படிப் பாத்துக்கறேன்னு."

"நல்லாத்தான் பாத்துக்கறா" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அதற்குப் பிறகு பொறியாளர் ஒன்று சொன்னார். ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துவிட்டால் தூசி அன்றைக்குப் போய்விடும், சோதனையில் எதுவும் வராது. ஜன்னலைத் திறந்து மூட மூடப் பழையபடி சேர்ந்துவிடும். அதனால்தான் வருவதற்கு முன் எதையும் துடைக்காதீர்கள் என்கிறோம் என்றார். "இவங்க கட்டிடத்துக்கு நானே போன்ல சொன்னேனே, இல்லம்மா?" என்று நர்ஸ் என்னைப் பார்த்தார்.

நான் தலையாட்டினேன். கேள்விக்குப் பொய் சொல்லவில்லைதான். சொன்னார், நிஜம். நான் என்ன செய்தேன் என்று யார் கேட்டார்கள்? — சீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, இங்கே யாரை ஏமாற்ற எழுதிக்கொண்டிருக்கிறேன்?

ஏப்ரல் 26

தூக்கமில்லை. பால்காரரிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஏப்ரல் 27

தையல்காரி வீட்டில் பொம்மை ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் மூட்டை கட்டிக் குப்பையில் போட்டுவிட்டாள். வந்த தையல் வேலைகளைத் திருப்பி அனுப்பிவிட்டு மெஷினைப் போர்வையால் மூடி வைத்திருக்கிறாள். "பட்டன்லதான் வெஷம்னா எனக்கு இந்தத் தொழிலே வேணாம்க்கா. புள்ளைதான் முக்கியம்." அந்த மெஷின்தான் அந்த வீட்டுக்கே சோறு போடுவது.

விளையாட ஒன்றும் இல்லாமல் உருண்டை நாள் முழுக்க அந்த ஜன்னலிலேயே நிற்கிறாள். கட்டையைக் கவ்விக்கொண்டு.

கடவுளே, நான் அதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல், பிள்ளையை மட்டும் தூக்கி அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் படியேறி வந்துவிட்டேன்! என்ன ஜென்மம் நான்?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்: "அத்தன பேரு அவளக் கேட்டப்போ உன் வாய எங்க அடகு வெச்சிருந்தே?"

"மானம் போயிடுமேன்னு..."

"இப்ப இருக்கா?"

ஏப்ரல் 28

போனேன். முதலில் ஜன்னலைச் சாத்தி, பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். விஷம் அங்கேதான் இருக்கிறது, பட்டனில் இல்லை, நான்தான் துடைத்து மறைத்தேன் என்று சொன்னேன். கோர்வையாக வரவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க தொடைச்சது தெரியாமப் பண்ணது. அத விடுங்க" என்றாள். "அன்னிக்கு எல்லாரும் என்ன நிக்கவெச்சுக் கேட்டாங்களே. பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

பிள்ளையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டாள். "கெளம்புங்க" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

மே 2

குழுவிடம் சொல்லிவிட்டேன், எல்லாரும் இருக்கும்போது, எழுந்து நின்று. காது கொதித்தது. நர்ஸ் சொன்னார்: "நான் மரியாதைக்குச் சொல்லலம்மா, நிஜமாவே தொடைக்க வேணாம்னுதான் சொன்னேன்." கொஞ்சம் கழித்து, "ஏன்னு நாங்களும் வெளக்கிச் சொல்லியிருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம். டாக்டர் எழுந்துபோய்த் தையல்காரியிடம் மன்னிப்புக் கேட்டார். என் வாயால் வந்த வினைக்கு, இல்லை, திறக்காத வாயால் வந்த வினைக்கு, அவர் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் காலியாக இருக்கும் காவலாளி அறையை ஜன்னல் வேலை முடியும்வரை தாய்க்கும் மகளுக்கும் கொடுக்கிறார்கள். அது புதிதாகக் கட்டியது. இன்று சாயங்காலமே பொறியாளர் தன் வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். நான் ஒரு கை பிடிக்கப் போனேன். "வேணாம்" என்றாள்.

மே 4

சங்கக் கூட்டம் மாடிப்படியிலேயே நடந்தது. செயலாளர் வேலையை விட்டுவிட்டேன். இரண்டாம் மாடி அம்மாள், "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்ணுவீங்களே" என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை பேசினார். அவர் பேரனுக்கும் நாளை இரத்தம் எடுக்கிறார்கள். பேசட்டும்.

மே 6

இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்தார்கள். தூசியோடு பெயின்டையும் சுரண்டி எடுத்துக்கொண்டார்கள். என் வீட்டு அலமாரி மேல் ஒட்டடை தொங்கியது. யாரும் அதைப் பார்க்கவில்லை. இத்தனை வருஷம் யார் பார்ப்பார்கள் என்று பயந்து துடைத்தேனோ!

மே 19

எல்லா வீட்டிலும் இருக்கிறது. கீழ்வீட்டு ஜன்னலில்தான் அதிகம். இரண்டாம் மாடி அம்மாளின் பேரனுக்கு லேசாகத்தான் இருக்கிறதாம், கவனமாக இருந்தால் போதும் என்றார்கள். உருண்டைக்கு மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது. இழந்த பேச்சு திரும்புமா என்று நர்ஸைக் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். அதற்கு மேல் கேட்க எனக்கு என்ன யோக்கியதை?

ஜூன் 11

ஜன்னல் கழற்றுகிறார்கள். தூசி பறக்காமல் இருக்க அறை முழுக்கப் பிளாஸ்டிக் கட்டி, தண்ணீர் தெளித்துத் தெளித்துத்தான் உடைக்கிறார்கள். ஆட்களுக்குத் தண்ணீர் கொண்டு கொடுப்பது நான். சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, யாராவது கொடுக்க வேண்டும்.

ஜூன் 23

குழு வேறொரு கட்டிடத்துக்குப் போகிறது. அங்கே வந்து, ஏன் துடைக்கக் கூடாது என்று சொல்ல முடியுமா என்று நர்ஸ் கேட்டார். போனேன். ஒரு பெண் கேட்டாள்: "ஒரு தடவ தொடைச்சா என்னங்க ஆயிடும்?" என்ன ஆனது என்று சொன்னேன். கூட்டத்தில் ஒருத்தி என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். அவளும் துடைத்திருக்கிறாள் போல.

ஜூலை 14

கடைசிச் சோதனை. தையல்காரி வந்து தன் வீட்டைத் திறந்துவிட்டாள். எந்தெந்த ஜன்னல் மாற்றியது என்று காட்ட நானும் நர்ஸோடு போயிருந்தேன். வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டு, நர்ஸிடம், "நீங்க மட்டும் உள்ள வாங்க சிஸ்டர்" என்றாள். நான் படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டேன். அவள் சொன்னது சரிதான், அந்த ஜன்னல் பக்கம் போக எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கதவு திறந்தேதான் இருந்தது. தூசி எடுத்து முடித்ததும், உருண்டையின் புது இரத்தச் சோதனை முடிவை நர்ஸ் வாசித்துச் சொன்னார். பாதிக்கும் கீழே வந்துவிட்டது. முழுசாக இறங்க இன்னும் மாதங்கள் ஆகும். உள்ளே மூக்கை உறிஞ்சும் சத்தம். பிறகு தையல்காரி சொன்னாள்: "வெளிய நிக்கறவங்ககிட்டயும் சொல்லிடுங்க சிஸ்டர், கொறைஞ்சிருக்குன்னு."

எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் கேட்டது. அது அவளுக்கும் தெரியும். நர்ஸ் வெளியே வந்து சொல்லும்வரை காத்திருந்து, முதல்முறை கேட்கிறவள் மாதிரி, "அப்படியா" என்றேன்.