ஐம்பத்திரண்டு விநாடி

கிள்ளான்
ஆகஸ்டு 17, ஞாயிறு

அன்பு மகன் லியோனலுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் வலேரியும் அந்தக் குளிர் ஊரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று இன்று காலைப் பூசையிலும் மாதாவிடம் கேட்டுக்கொண்டேன். இங்கே மூன்று நாளாக விடாத மழை. பின்கட்டில் ஒழுகிய தகரத்தைப் பக்கத்து வீட்டுத் தம்புசாமி அண்ணன் மாற்றிக் கொடுத்தார், முட்டிவலியோடு ஏணியில் ஏறாதீர்கள் என்றால் கேட்கிற ஆளா அவர். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்தான் இருக்கிறது, டாக்டர் திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது அடுப்பு மூட்டுவதில்லை, ஒருத்திக்கு என்ன சமைப்பது, கோயிலிலிருந்து வரும்போது இடியப்பம் கட்டி வாங்கினால் மதியத்துக்கும் வந்துவிடுகிறது. உன் அறையை வாரம் ஒருமுறை கூட்டித் துடைத்து ஜன்னலைத் திறந்துவைக்கிறேன். டிசம்பரில் உங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரும்போது பூஞ்சை வாடை இருக்கக் கூடாது.

போன வாரம் போனில் நீ கேட்டாய், உஷா ஆன்ட்டிக்குக் கல்யாணச் செய்தி அனுப்பினேன், ஏன் பதிலே இல்லை என்று. அவள் போன் கெட்டுவிட்டது என்றேன். அது பொய், அய்யா. அவள் போன் நன்றாகத்தான் இருக்கிறது. மே மாதத்திலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை, காரணம் நான்தான். போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே நீ பரவாயில்லம்மா என்று சொல்லிவிடுவாய், எனக்கும் அது போதும் என்று தோன்றிவிடும். அதனால்தான் எழுதுகிறேன், கடைசிவரை படித்துவிட்டு அப்புறம் கூப்பிடு.

மேருவில் எங்கள் கையுறைத் தொழிற்சாலையில் பெரிய சுடுதண்ணீர்த் தொட்டி இருப்பது உனக்குத் தெரியும், சின்ன வயதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போய்க் காட்டியிருக்கிறேன். நீ வார்டில் மாட்டுகிறாயே, அந்த மாதிரி உறைகள்தான் அச்சோடு அந்தத் தண்ணீரில் முங்கிப் போகும், ஒட்டியிருக்கும் ரசாயனம் கழுவிக்கொண்டு போகும். தண்ணீர் எழுபது டிகிரியிலேயே நிற்க வேண்டும், ஏறினாலும் கெடும், இறங்கினாலும் கெடும். ஹீட்டர் தள்ளியிருக்கிறது, அங்கே சூடான தண்ணீர் பைப் வழியாகத் தொட்டிக்கு வந்து சேர நேரம் பிடிக்கும். நீராவி வால்வைத் திறந்த உடனே தொட்டியில் சூடு தெரியாது. தெரியவில்லையே என்று இன்னும் திறந்தால் பிறகு எல்லாம் சேர்ந்து வந்து கொதிக்கும், பயந்து மூடினால் அதுவும் தாமதமாகத்தான் தெரியும், அதற்குள் ஆறிப்போகும். இப்படி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தத்தான் நான் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதினேன். பைப்பில் தண்ணீர் வர இருபது விநாடி ஆகும் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன், வழியில் வந்துகொண்டிருக்கும் சூட்டையும் கணக்கில் வைத்து அது வால்வைத் திருப்பும். நான்கு வருடம் கோடு போட்ட மாதிரி ஓடியது. ஆப்பரேட்டராக உள்ளே வந்தவள் எழுதியது என்று எனக்குக் கர்வம், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஏப்ரலில் கஸ்டமர் ஒரு கன்டெய்னர் முழுவதையும் திருப்பி அனுப்பிவிட்டான். உறையில் ரசாயனம் தங்கியிருக்கிறதாம். விசாரணை வந்தது. அந்த லைனைப் பார்த்துக்கொண்டவள் உஷா. ரெக்கார்டை எடுத்துப் பார்த்தேன். வெப்பநிலை எழுபதிலேயே அழகாக நின்றது, ஆனால் உஷா ஒரே ஷிஃப்டில் ஏழு தடவை புரோகிராமை நிறுத்திவிட்டுக் கையால் வால்வைத் திருப்பியிருக்கிறாள். ஆப்பரேட்டர் தேவையில்லாமல் கைவைத்ததே காரணம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்று மாலை அவள் என் மேசைக்கு வந்தாள். மற்றவர்கள் முன்னால் சத்தம் போடவில்லை, குனிந்து மெதுவாகத்தான் சொன்னாள். "நான் கை வைக்கலன்னா தண்ணி கொதிச்சிருக்கும் மக்தா. சும்மா யாராச்சும் தொடுவாங்களா?" நான் ஸ்கிரீனைக் காட்டி, அப்படி ஒன்றும் இதில் தெரியவில்லையே உஷா என்றேன். அவள் ஸ்கிரீனைப் பார்க்காமலே போய்விட்டாள். அடுத்த திங்கட்கிழமை அவளைப் பேக்கிங் பகுதிக்கு மாற்றினார்கள், பெட்டி மடிக்கிற வேலை.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் இருவரும் ஒரே நாளில் அங்கே ஆப்பரேட்டராகச் சேர்ந்தவர்கள். உன் அப்பா போன பிறகு நான் மாலை வகுப்புக்குப் போய் டிப்ளோமா படித்த மூன்று வருடமும் நீ சாப்பிட்டதும் ஹோம்வொர்க் எழுதியதும் அவள் வீட்டில்தான். அவள் உன்னைப் பார்த்துக்கொள்ளாவிட்டால் அந்த ஸ்கிரீனுக்கு முன்னால் உட்கார எனக்கு நாற்காலியே கிடைத்திருக்காது. அதற்குப் பிறகும் தினமும் என் காரில்தான் வேலைக்கு வந்தாள். இப்போது ஃபேக்டரி பஸ்ஸில் போகிறாள். கேன்டீனில் நான் போனால் அவள் மேசையில் பேச்சு நின்றுவிடுகிறது, அதனால் நான் டிஃபனைக் காரில் உட்கார்ந்து சாப்பிடப் பழகிக்கொண்டேன்.

உஷா இடத்தில் இம்ரான் என்று ஒரு பையன், நாகூர்க்காரன், வேலை பெர்மிட்டில் இங்கே வந்திருக்கிறான். எதையும் தொடக் கூடாது என்று அவனுக்குக் கண்டிப்பான உத்தரவு. ஜூன் மாதம் அவன் வந்து, அக்கா, நான் ஒண்ணுமே தொடல, ஆனா தண்ணி ஆடிக்கிட்டே இருக்கு என்றான். ஸ்கிரீனில் ஆடவே இல்லை. தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியருகில் நின்றேன். அறுபதுக்கு இறங்கியது, எண்பதுக்கு ஏறியது, மறுபடி இறங்கியது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, ரெக்கார்டில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை சராசரியைத்தான் எழுதும்படி நான் வைத்திருந்தேன். ஏற்றமும் இறக்கமும் அதில் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு எழுபது என்று நின்றிருக்கிறது.

புரோகிராமை நிறுத்தி, வால்வைக் கொஞ்சம் திறந்துவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தேன். இருபது விநாடி தாண்டியது, முப்பது தாண்டியது, நாற்பது தாண்டியது. ஐம்பத்திரண்டாவது விநாடியில்தான் முள் அசைந்தது. கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். சீனப் புத்தாண்டு விடுமுறையில் ஹீட்டரைப் புதுக் கொட்டகைக்கு மாற்றியிருக்கிறார்கள், பைப் சுவரைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த வரைபடத்தைத் தேடி எடுத்தேன். கீழே பிப்ரவரி தேதியில் என் கையெழுத்து. விடுமுறை முடிந்து வந்த அன்று குவிந்து கிடந்த காகிதங்களோடு அதையும் படிக்காமல் போட்டிருக்கிறேன். பைப் நீண்டுவிட்டது என்று புரோகிராமுக்குச் சொல்ல வேண்டியவள் நான், சொல்லவில்லை. அது இருபது விநாடி என்றே நம்பி அவசரப்பட்டிருக்கிறது. உஷா ஏழு தடவை கைவைத்து இழுத்துப் பிடித்ததால்தான் அந்த ஷிஃப்டில் கொஞ்சமாவது நல்ல உறை வந்திருக்கிறது.

சரிசெய்ய அரைநாள்கூட ஆகவில்லை. இந்தத் தடவை வேறு மாதிரி எழுதினேன். வால்வை மெதுவாகத்தான் திருப்பும், கொஞ்சம் மந்தம், ஆனால் நாற்பது விநாடி என்று பொய் சொல்லிப் பார்த்தேன், அறுபத்தைந்து என்று சொல்லிப் பார்த்தேன், இரண்டிலும் லேசாக அசைந்துவிட்டு எழுபதில் வந்து நின்றது. முன்பு எழுதியது நம்பர் சரியாக இருந்தால் மட்டும் கெட்டிக்காரத்தனம் காட்டும். இப்போது ஒவ்வொரு ஷிஃப்டும் தொடங்கும்போது தாமதத்தை அளந்து பார்க்கச் சொல்லியும், ஒவ்வொரு விநாடியும் பதிவாகும்படியும் வைத்துவிட்டேன்.

தண்ணீர் ஆடாமல் எழுபதில் நின்றுவிட்டது, யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு நாள் நான் வாயைத் திறக்கவில்லை. ஆப்பரேட்டராக வந்தவளிடம் புரோகிராமைக் கொடுத்தால் இப்படித்தான் என்று ஆபீஸில் சொல்வார்களே என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை. உஷா மேல் பழிபோட்டபோதும் அந்தப் பயம்தான் என் கையைப் பிடித்து எழுதியது என்று அப்போது எனக்கே விளங்கியது. மூன்றாம் நாள் புது ரிப்போர்ட் எழுதி மேனேஜர் சுகுமாறனிடம் கொடுத்தேன். படித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். "சரியாப் போச்சுலா. கஸ்டமர் ஃபைல மூடிட்டான். எதுக்குத் திரும்பத் தொறக்கணும்?" உஷாராணி மேல் எழுதியது இன்னும் திறந்துதான் இருக்கிறது என்றேன். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, புரோகிராமைத் தொடும் அதிகாரத்தை வெளியாளிடம் கொடுத்துவிட்டார்கள். இப்போது நான் மீட்டர்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன், ஒவ்வொன்றையும் படித்துவிட்டு. உஷா பெயரில் இருந்ததை ரத்து செய்து பழைய வேலையையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அன்றைக்கே பண்டமாரானில் அவள் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னாள், மைலோ கலக்கிக் கொடுத்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். "நீ கம்ப்யூட்டர நம்பினது பெருசில்ல. அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கடைசி வரைக்கும் கேக்கவே இல்ல." மைலோவைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

போன செவ்வாய்க்கிழமை அவளாகவே என் மேசைக்கு வந்தாள். மூன்றாம் தொட்டி மீட்டர் ஒரு டிகிரி குறைத்துக் காட்டுகிறது, வந்து பாருங்கள் மேடம் என்றாள். இத்தனை வருடமும் மக்தா, கோபம் வந்தால் அடி மக்தா, அவ்வளவுதான் எனக்கு அவள் வைத்த பெயர். போய்ப் பார்த்தேன், ஒரு டிகிரிதான், அவள் சொன்னது சரி. நன்றி உஷா என்றேன். தலையாட்டிவிட்டு லைனைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். நான் சரிபார்த்த சீட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு என் மேசைக்கு வந்தேன்.

உனக்குச் சொல்வதற்கு இவ்வளவுதான் அய்யா. அம்மாவுக்காக அவளிடம் பரிந்து பேசாதே, அது அவளுக்கு இன்னும் பாரம். ஆனால் அவள் உனக்குச் செய்தது என்னால் இல்லாமல் போய்விடக் கூடாது. கல்யாணக் கார்டில் அவளுடையதை மட்டும் நீயே எழுதி அங்கிருந்தே தபாலில் அனுப்பு. என் கையில் கொடுத்துவிடாதே. வந்தால் முன்வரிசையில் உட்காரட்டும், நான் எங்கே வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள்வேன். இரவு ஷிஃப்ட் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே, வலேரியிடம் ஒன்று சொன்னால் அவள் என்ன நினைக்கிறாள் என்றும் கேட்டுக்கொள், தெரியும் என்று நீயே முடிவுகட்டாதே. மாதா உங்கள் இருவரையும் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். மழை விட்டிருக்கிறது, நாளைக்கே தபாலில் போட்டுவிடுகிறேன்.

அன்பு முத்தங்களுடன்,
உன் அம்மா
மகதலேனா